போய்வருகிறவர்களும் இருந்து காப்பவர்களும்

கிராமங்களுக்குச் சில நாள் ஊழியப் பயணம் செல்வோருக்கு ஒரு படிப்பினை

வாசிக்கவேண்டிய பகுதிகள்: லூக்கா 10:1-11, யோவான் 4:39-42, அப்போஸ்தலர் பணி 14:21-23



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும்போது பங்குகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. இளைஞர் மன்றத்தார் கூடுகிறார்கள். "இந்த முறை சுற்றுலா வேண்டாம். கஷ்டப்பட்ட கிராமம் ஒன்றுக்குப் போய் மூன்று நாள் ஊழியம் செய்துவிட்டு வருவோம்" என்று ஒருவர் சொல்கிறார். எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. வான் பேசுகிறார்கள். அரிசி, பருப்பு, கொப்பி, பேனை, உடுப்பு எல்லாம் சேர்கின்றன. பாட்டுக்காரர், நாடகம் பழக்கத் தெரிந்தவர், ஒரு டாக்டர், இரண்டு தாதிமார் என்று ஆட்களும் சேர்கிறார்கள். போகமுடியாத தாய்மார் பலகாரம் சுட்டுக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

இது நல்ல எண்ணம். இந்த எண்ணம் நம் பிள்ளைகளுக்கு வருவதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் நல்ல எண்ணத்தோடு போனவர்கள் எல்லாரும் நல்ல பலனை விட்டுவந்தார்கள் என்று சொல்லமுடியாது. ஆகவே புறப்படுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். மூன்றாம் நாள் மாலை வான் திரும்பிவிடும். நான்காம் நாள் காலை அந்தக் கிராமத்தில் என்ன இருக்கும்?

நாம் போகும் ஊர்

கேள்வியை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நம் பயணம் பாலாவிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். திருக்கேதீஸ்வரத்தில் உள்ள பாலாவித் தீர்த்தத்தை நினைத்துவிட வேண்டாம். நாம் சொல்வது புத்தளம் மாவட்டத்துப் பாலாவி. கொழும்பிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில், புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன்னே இருக்கிறது. அங்கேதான் கற்பிட்டிக்குப் போகும் வீதி இடப்பக்கமாகப் பிரிகிறது. தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனவர்கள் எல்லாரும் இந்தச் சந்தியைக் கடந்துதான் போயிருப்பார்கள். கடந்து போயிருப்போமே தவிர, நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் களப்பு, அதன் ஓரத்தில் உப்பளங்கள். அங்கே சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்கிறது. கற்பிட்டி வீதியில் உள்ளே போகப்போக மணல் நிலத்தில் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்கள், தென்னை, அப்பால் கடற்றொழிலாளரின் வாடிகள். தமிழ் பேசும் முஸ்லிம்கள், கத்தோலிக்கர், இந்துக்கள், சிங்களச் சகோதரர்கள் எல்லாரும் அயல் அயலாக வாழும் பகுதி இது.

இந்தப் பகுதிக்கு ஒரு கசப்பான நினைவும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் விடுதலைப் புலிகளால் தங்கள் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் உடுத்த உடையோடு வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். அன்று முதலில் கதவைத் திறந்தவர்கள், சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களே. உதவி நிறுவனங்களின் வாகனங்கள் பிற்பாடு வந்தன. அந்த வாகனங்கள் வந்தன, போயின. அயலவர் இருந்தார்கள்.

எனவே இந்தப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகும்போது வெறுமையான இடத்துக்குப் போகிறோம் என்று நினைக்கக்கூடாது. அங்கே அன்பு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது. நாம் போவது அதற்குத் துணை செய்ய.

300 வருடங்களுக்கு முன் இந்தக் கரையில்

இதே புத்தளக் கரைக்கு முன்னொரு காலத்தில் ஓர் ஊழியர் வந்தார். அவர் புனித யோசப் வாஸ் அடிகளார். அவருடைய வரலாற்றை நாம் அறிவோம். என்றாலும் நம் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி அதைப் பார்ப்போம்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த பெனோலிமில் பிறந்தார். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஏறக்குறைய 30 வருடங்கள் நம் முன்னோர் குருக்கள் இன்றி வாழ்ந்தார்கள். இந்தச் செய்தி கேட்டு மனம் பொறுக்காத அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில், யோவான் என்ற துணையாளோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்தவுடன் என்ன செய்தார்? பிரசங்கமா செய்தார்? இல்லை. வயிற்றுளைவு நோயால் விழுந்து கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்து அவரைக் காப்பாற்றினாள் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. இலங்கையின் அப்போஸ்தலர் இந்நாட்டில் முதலாவதாகச் செய்த காரியம் ஓர் ஏழையின் கையிலிருந்து கஞ்சி வாங்கிக் குடித்ததே. இதை நன்றாக மனதில் வையுங்கள். பிறகு திரும்பி வருவோம்.

எழும்பி நடக்கமுடிந்ததும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பின்பு சில்லாலையில் தங்கி, இரவுகளில் திருப்பலி நிறைவேற்றினார். 1689இல் நத்தார் இரவில் ஒல்லாந்தர் விசுவாசிகளைப் பிடித்துச் சிறையிலிட்டார்கள். 1690இல் அடிகளார் புத்தளத்துக்கு வந்தார். அந்நாளில் கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தர் கையிலும் புத்தளம் கண்டி அரசன் ஆட்சியிலும் இருந்தன. இங்கே ஏறக்குறைய ஒரு வருடம் உழைத்துவிட்டு, 1692இல் கண்டிக்குப் போனார். உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார்.

அவர் இந்நாட்டில் இருந்தது 1687 முதல் 1711 வரை, 24 வருடங்கள். ஆனால் கால்நடையாக அவர் சென்ற கிராமங்களில் பலவற்றில் அவரால் தங்க முடிந்தது சில நாட்களே. ஞானஸ்நானம் கொடுப்பார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், திருமணங்களை ஆசீர்வதிப்பார். அடுத்த கிராமத்துக்கு நடப்பார். அடுத்த முறை எப்போது வருவார் என்று எவருக்கும் தெரியாது. அந்த வகையில் அவரும் போய்வருகிறவரே.

அப்படியிருந்தும் அவர் விதைத்தது ஏன் வாடிப்போகவில்லை? அவர் ஒவ்வோர் இடத்திலும் இருந்து காப்பவர்களை ஏற்படுத்தினார். மூப்பரும் அண்ணாவியும் அவர்களே. ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரமும் வேத உபதேசமும் படிப்பிப்பது, சாகக்கிடப்பவர்களின் பக்கத்தில் இருப்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. குருவானவர் வரும்போது கிராமம் ஆயத்தமாக இருக்கும். போனபின்பும் கிராமம் செபித்துக்கொண்டிருக்கும்.

மூப்பர் என்ற சொல் நம் கரையோரப் பங்குகளில் இன்றும் வழங்குகிறது. அது வேதாகமச் சொல்லும் ஆகும். பவுலும் பர்னபாவும் தாங்கள் முன்பு போதித்த ஊர்களுக்குத் திரும்பிச் சென்று, சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தி, உபவாசித்துச் செபித்து அவர்களை ஆண்டவரிடம் ஒப்படைத்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுல் பெரிய பயணி. ஆனால் அவர் வெறுமனே கடந்துபோகிறவரல்லர். திரும்பி வந்தார்; ஆட்களை ஏற்படுத்தினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது மக்கள் ஓடினார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச்சென்று கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவரை அடக்கம் செய்தார்கள். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது இந்த நாடு முழுவதும் மகிழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

ஆண்டவர் தங்கிய இரண்டு நாட்கள்

குறுகிய கால ஊழியத்துக்கு ஆண்டவருடைய வாழ்விலேயே ஓர் உதாரணம் உண்டு. சமாரியரின் சிக்கார் என்னும் ஊரில் இயேசு தங்கியது இரண்டே நாட்கள். யோவான் 4ஆம் அதிகாரத்தில் மூன்று காரியங்களைக் காண்கிறோம்.

முதலாவது, அவர் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். கொடுக்க வந்தவர் முதலில் கேட்டார்.

இரண்டாவது, தங்கும்படி அவ்வூரார் வேண்டிக்கொண்டார்கள். அவராகத் திணித்த தங்கல் அன்று.

மூன்றாவது, அவ்வூரார் அந்தப் பெண்ணிடம், இனி உன் சொல்லுக்காக நம்பவில்லை, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்ற கருத்தில் பேசினார்கள். விசுவாசம் அவ்வூருக்குச் சொந்தமாகிவிட்டது.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் சீடர்களை இருவர் இருவராக அனுப்பும்போதும் ஆண்டவர் பணப்பையையும் பொதியையும் எடுத்துப்போக வேண்டாம் என்கிறார். கொடுப்பதை உண்ணச் சொல்கிறார். வீடு வீடாக மாறவேண்டாம் என்கிறார். நாமோ வான் நிறையப் பொதிகளோடு போகிறோம். குடிக்கத் தண்ணீரும் போத்தலில் கொண்டுபோகிறோம். அந்த வீட்டுத் தாய் வெறுந்தேநீர் ஊற்றிச் சர்க்கரைத் துண்டோடு கொண்டுவந்தால், "வேண்டாம் அம்மா, கஷ்டப்படாதீங்க" என்கிறோம். இரக்கத்தினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாய்க்கு என்ன கேட்கிறது? "உங்களிடமிருந்து வாங்க எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்கிறது. யோசப் வாஸ் அடிகளார் குடித்த கஞ்சியை நினையுங்கள். அந்தத் தேநீரை உட்கார்ந்து குடியுங்கள்.

பொருளுதவி: இரண்டு அனுபவங்கள்

"அப்படியென்றால் அரிசியும் கொப்பியும் கொண்டுபோகக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். திருச்சபையின் வரலாற்றில் இரண்டு அனுபவங்கள் இதற்கு வெளிச்சம் தருகின்றன.

முதலாவது, புனித வின்சென்ட் டி போலின் அனுபவம். 1617 ஆகஸ்டில் அவர் பிரான்சில் ஷாத்தியோன் என்னும் ஊரில் பங்குக் குருவாக இருந்தார். ஒரு குடும்பம் முழுவதும் நோயில் கிடக்கிறது என்ற செய்தி ஞாயிறு பூசைக்கு முன் அவருக்குக் கிடைத்தது. பிரசங்கத்தில் சொன்னார். மாலையில் அந்த வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சனக்கூட்டம். எல்லாருடைய கையிலும் உணவு. அவர் மகிழ்ந்தார், கூடவே யோசித்தார். இன்றைக்கு இந்த வீட்டில் தின்ன முடியாத அளவு உணவு, பாதி பழுதாகிவிடும். அடுத்த வாரம் பட்டினி. அன்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று கண்டார். அவ்வூர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி, முறைவைத்து நோயாளரைப் பராமரிக்கும் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். அவருடைய அன்புப் பணிகளுக்கெல்லாம் அது தொடக்கமாயிற்று.

இரண்டாவது, மரியாயின் சேனையின் அனுபவம். 1921இல் டப்ளினில் தொடங்கிய இச்சேனையார், 1958 முதல் தங்கள் வருடாந்த விடுமுறையில் ஓரிரு வாரங்களைக் கொடுத்து, சொந்தச் செலவில் அயலூர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்று வீடு சந்திக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துவுக்காக யாத்திரை என்பது அதன் கருத்து. ஆனால் பொருளுதவி செய்வதைச் சேனையின் விதி அனுமதிப்பதில்லை. பொருள் கொடுக்கத் தொடங்கினால் வீட்டுக்காரர் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். பொருளுதவி தேவையென்று கண்டால் அதைச் செய்யும் வேறு சங்கத்துக்குத் தெரிவிக்கலாம்.

ஒன்று கொடுக்கச் சொல்கிறது, மற்றது வேண்டாம் என்கிறது போலத் தோன்றும். உற்றுப்பார்த்தால் இரண்டும் ஒன்றையே படிப்பிக்கின்றன. பொருளுதவி, அங்கேயே இருப்பவர்களின் கையால், ஒழுங்காக, தொடர்ந்து நடக்கவேண்டும். ஒரு நாள் வந்தவர் கையால் கூட்டமாக நிறுத்திக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

பல சமயத்தவர் வாழும் பாலாவி போன்ற இடத்தில் இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பில், எவரையும் விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்துவதையும் தகாத வழிகளால் கவர்வதையும் கண்டிப்பாகத் தடைசெய்திருக்கிறது. அரிசிப் பொதிக்குள் செபத்தாள் வைத்துக் கொடுத்தால் அரிசியும் சந்தேகத்துக்குள்ளாகும், செபமும் சந்தேகத்துக்குள்ளாகும். முஸ்லிம் அயலவர் "இவர்கள் எதற்காக வந்தார்கள்?" என்று கேட்பார். நாம் வீடு திரும்பிவிடுவோம். அந்தக் கேள்வியைச் சுமக்கவேண்டியவர்கள் அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களே.

செய்யத்தக்கவை

*போகுமுன்:* அங்குள்ள பங்குத்தந்தையையும் மூப்பரையும் இருவர் போய்ச் சந்தியுங்கள். "நாங்கள் இதைச் செய்யப்போகிறோம்" என்று சொல்லாமல், "எங்களால் உங்களுக்கு என்ன ஆகவேண்டும்?" என்று கேளுங்கள். நாளையும் அவர்களே குறிக்கட்டும். வெயில் காலத்தில் உப்பளத்தில் வேலை மும்முரம். கடல் அமைதியான மாதங்களில் தொழிலாளர் வாடியில் இருப்பார்கள். வெங்காயம் கிண்டும் நாளில் தோட்டக்காரருக்கு உங்களோடு பாட்டுப் படிக்க நேரமிராது. நமது விடுமுறை அவர்களுடைய விடுமுறை அன்று.

*அங்கே:* வைத்திய முகாம் வைத்தால், பிரஷர் அளந்து மூன்று நாள் குளிசை கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். நான்காம் நாளுக்கு என்ன வழி? நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். எனவே டாக்டரிடம் துண்டு எழுதி வாங்கி, புத்தளம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிய வழிகாட்டுங்கள். கூட்டிக்கொண்டு போக அயல்வீட்டார் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கிளினிக் கொப்பிதான் உங்கள் முகாமின் பலன். அதேபோல, 40 பிள்ளைகளுக்கு மூன்று நாள் மறைக்கல்வி நடத்துவது நல்லது. ஞாயிறு மறைக்கல்வி நடத்த ஆயத்தமான இரண்டு அக்காமாரைப் பழக்கி, புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருவது அதைவிட நல்லது. நிறைவேற்றமுடியாத வாக்குறுதி ஒன்றும் சொல்லாதீர்கள். பொதி வாங்கும் ஏழையின் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். உங்கள் தாயை அப்படிப் படம் பிடிக்க விடுவீர்களா?

*வந்தபின்:* இதுதான் பலர் மறக்கும் பகுதி. இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அடுத்த வருடம் வேறொரு பங்கிலிருந்து வேறொரு கூட்டம் வருகிறது. ஒரு பாட்டி வாசலில் வந்து முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். "போன முறை வந்த பிள்ளைகள் எங்கே? என்ர பேத்தியைப் படிப்பிக்க வழி செய்யிறம் எண்டு சொன்னவை" என்கிறாள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பாட்டி கேட்டது அரிசியை அன்று; ஆளை. ஆகவே பத்துக் கிராமங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரு கிராமத்துக்குப் பத்து முறை போவது மேல். போகமுடியாத மாதத்தில் ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, குடும்பச் செபத்தில் அந்தக் கிராமத்தின் பெயர். வீட்டில் தங்கும் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் இந்த ஊழியத்தில் பங்குபெறும் வழி இதுவே.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் அப்படிப்பட்ட கிராமத்திலேயே வாழ்பவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிறவர்கள் முன் வெறுங்கையராக நிற்காதீர்கள். உங்களிடம் இருப்பதை அவர்களுக்குக் காட்டுங்கள்: குருவானவர் வராத ஞாயிறுகளிலும் நீங்கள் காத்த செபத்தை, 1990இல் உங்கள் ஊர் திறந்த கதவுகளை. எது வேண்டும், எது வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். பட்டணத்துப் பிள்ளைகள் உங்களிடம் கற்றுக்கொண்டு போகட்டும்.

பாலாவி உப்பு

பாலாவியில் உப்பு விளைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களப்பு நீரைப் பாத்தியில் விட்டவுடன் உப்பு வராது. ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி, வெயிலில் நாள்கணக்காக நிறுத்திவைக்கிறார்கள். நீர் நிலைத்து நின்ற இடத்தில்தான் உப்பு படிகிறது. ஓடுகிற நீர் எவ்வளவு உப்பாக இருந்தாலும் உப்பாக விளைவதில்லை.

நீங்கள் பூமியின் உப்பு என்று ஆண்டவர் சொன்னது ஓடுகிறவர்களுக்கும் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். நாம் எல்லாரும் பாலாவியில் குடியேற முடியாது. படிப்பும் தொழிலும் குடும்பமும் இருக்கின்றன. மூன்று நாள்தான் முடியுமென்றால் மூன்று நாள் போங்கள். ஆனால் அங்கே நிலைத்து நிற்பவர்களைக் கண்டு, அவர்களுடைய கையைப் பலப்படுத்தி, அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு வாருங்கள். நான்காம் நாள் காலை ஆலய மணியை அடிக்கப்போகிறவர் அவரே.

குடும்பத்திலும் மன்றத்திலும் கலந்துரையாட

1. நம் பங்கு கடைசியாகச் சென்ற கிராமத்தின் மூப்பர் அல்லது உபதேசியார் பெயர் நமக்குத் தெரியுமா? அவரோடு கடைசியாக எப்போது பேசினோம்?

2. யோசப் வாஸ் அடிகளார் கஞ்சி வாங்கிக் குடித்ததும், ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதும் நமக்குப் படிப்பிப்பது என்ன?

3. நாம் கொடுக்க நினைத்திருக்கும் பொருள்களை, அங்கேயே இருப்பவர்கள் ஒழுங்காகக் கொடுக்கும்படி எப்படி ஏற்பாடு செய்யலாம்?

4. நம் பயணத்தால் அங்குள்ள பிற சமய அயலவருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இடையே நட்பு வளருமா, சந்தேகம் வளருமா?

தீர்மானம்: இந்த வருடம் ஒரே ஒரு கிராமத்தைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு மாதமும் அதை ஏதாவது ஒரு வகையில் நினைவுகூர்வோம்.